உன் அப்பாவுக்காக மூடிய கடல்

மக்கா,

நேற்று சாப்பிடும்போது நீ ஒரு கேள்வி கேட்டாய். "கடல்ல ஒரு இடத்தை மூடி வைக்கிறது நல்லதுக்குத்தானே அம்மா?" நான் ஒன்றும் சொல்லாமல் உன் தட்டில் இன்னும் கொஞ்சம் கப்பைக் கிழங்கைத் தள்ளினேன். நீயும் தின்றுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாய். வாயாடி என்று கொச்சி மட்டாஞ்சேரியில் நாலு சந்துக்குப் பெயர் எடுத்தவள் நான். அப்படிப்பட்டவள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் கிழங்கால் வாயை அடைக்கிறாள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று உனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அந்த விஷயத்தில் நீ அப்படியே உன் அப்பா.

திங்கட்கிழமை நீ பஸ் ஏறிவிடுவாய். தெற்கே, நம் தமிழ் பேசுகிற கரையில், தீவுகளைச் சுற்றிக் கடலை அடைத்துக் காவல் போடப் போகிறார்கள், அந்தக் காவல் படகில் உனக்கு வேலை. சர்க்கார் வேலை கிடைத்ததற்கு நான் சந்தில் எல்லோருக்கும் சாயாவும் பழம்பொரியும் கொடுத்தேன், அதையெல்லாம் மறுக்கவில்லை. எர்ணாகுளம் பிராட்வேயில் துணி எடுத்துத் தைத்த காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று சீப்பைத் தண்ணீரில் நனைத்துத் தலை வாரினாய். நான் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தேன். உன்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் உனக்குப் பின்னால் யாராவது ஈரத் தலையோடு நிற்கிறார்களா என்று பார்த்தேன். ஒருவரும் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பக்கத்து அறையில் படுத்திருக்கிறவனுக்குக் கடிதம் எழுதுகிற பைத்தியம் உலகத்திலேயே நான் ஒருத்திதான். ஆனால் எனக்கு இது பழகிய வேலை. இறால் உரிக்கிற ஷெட்டில் என்னோடு உட்கார்ந்த பெண்களில் பாதிப் பேருடைய புருஷன்மார் கல்ஃபில் இருந்தார்கள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நான் ஒருத்திதான். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவேன், சொல்லாததையும் எழுதுவேன். "கூரை ஒழுகுது, பணம் அனுப்புங்க" என்று அவள் சொன்னால், "மழை ராத்திரியில் உங்கள் நினைவு ஒழுகுகிறது" என்று ஒரு வரி சேர்த்துவிடுவேன். ஒருத்தியின் புருஷன் லீவில் வந்து, அந்தக் கடிதத்தில் கண்ட பெண்ணை வீட்டில் தேடி அலைந்து, ஏமாந்து திரும்பிப் போனான். காகிதத்தில் எனக்கு அப்படி நிறைய புருஷன்மார். சொந்தப் புருஷனுக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. அவர் இருந்த இடத்துக்குத் தபால் போகாது. இந்த உறையை நான் ஒட்டப்போவதில்லை. பக்கத்து வீட்டுத் தெரசா எப்படியும் படிப்பாள், அவள் படித்தால் சந்து முழுக்கப் படித்த மாதிரி. படிக்கட்டும்.

உன் அப்பாவை உனக்கு நினைவில்லை. உனக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது. எல்லோரும் உன்னிடம் "தங்கமான மனுஷன்" என்று சொல்லியிருப்பார்கள், செத்தவர்களைப் பற்றி வேறென்ன சொல்வார்கள். நான் சொல்கிறேன் கேள். தலைமுடியில் அவருக்கு இருந்த பெருமை என்மேல்கூட இருந்ததில்லை. கடலுக்குப் போகும்போதும் மடியில் சீப்பு இருக்கும். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால், "அயலை மீன் பார்க்கும்டி" என்பார். அழகாகப் பாடுவதாக ஒரு நினைப்பு, பாடினால் தெரசா வீட்டு நாய் எழுந்து இடம் மாறும். அந்த ஆளைத்தான் ஓர் இடவப்பாதி மழைக்காலத்தில் கடல் கொண்டுபோனது. நம் கரைக்குத் தலைவரான லாசர் மூப்பருடைய வள்ளம். காயல் கடலில் சேருகிற அழிமுகத்துக்கு வெளியே நல்ல மீன் கண்டு வலை வீசியிருக்கிறார்கள். கனத்த வலையை இழுக்கும்போது பக்கவாட்டில் அலை அடித்து, தண்ணீர் ஏறி, வள்ளம் வலையோடு மூழ்கிவிட்டது. லாசர் மூப்பரும் மற்றவர்களும் துடுப்பையும் மிதப்புக் கட்டையையும் பிடித்துக் கிடந்து கரை சேர்ந்தார்கள். இவர் சேரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை.

தெற்கிலிருந்து இங்கே வந்து குடியேறிய நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதை நீ முழுக்கத் தெரிந்துகொள்ளாமலே வளர்ந்துவிட்டாய். கடலில் போனவனின் உடல் கிடைக்காவிட்டால், போன இடத்தில் யாரும் வலை போடக் கூடாது. அந்த இடத்துக்கு விலக்கு என்று பேர். மூப்பர் கரையில் நின்று சொல்லுவார். மாதா கோவில் கோபுரம் ஐஸ் கம்பெனித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைகிறதும், கப்பலுக்கு வழிகாட்டுகிற விளக்கு மரம் ஒற்றைத் தென்னையோடு ஒட்டுகிறதும் ஒன்றாக வரும் இடம் விலக்கு என்று சொன்னால், அன்றிலிருந்து அந்தப் பக்கம் தூண்டில்கூட விழாது. காரணம் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. அங்கே இருக்கிற மீன் எதைத் தின்றிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். அதைத் திறக்கிற உரிமை செத்தவனின் பெண்சாதிக்கு மட்டும். ஆண்டுப் பூசை முடிந்தபிறகு மூப்பர் அந்த இடத்து மீன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து அவள் வாசலில் வைப்பார். அவள் அதைச் சமைத்து எல்லோரும் பார்க்கத் தின்ன வேண்டும். தின்றுவிட்டால், அவள் அவனை விட்டுக்கொடுத்துவிட்டாள், கடல் மறுபடி எல்லோருக்கும். மற்றப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தின்றார்கள், திறந்தார்கள், சிலர் மறு கல்யாணமும் செய்துகொண்டார்கள்.

நான் தின்னவில்லை. ஆண்டுப் பூசை முடிந்து லாசர் மூப்பர் வந்து நின்றார். "எப்ப கொண்டாரட்டும், மகளே?" என்று கேட்டார். "இப்ப வயிறு சரியில்ல மூப்பரே, பொறவு பாக்கலாம்" என்றேன். அவருக்கும் அது ஆறுதலாக இருந்தது என்று நினைக்கிறேன். தன் வள்ளத்தில் போனவனை அவ்வளவு சீக்கிரம் முடித்துவிட அவருக்கும் மனமில்லை. அடுத்த வருடமும் கேட்டார். அடுத்த வருடமும் என் வயிறு சரியில்லை. கொச்சி ராஜ்ஜியத்தில் இவ்வளவு காலம் நீடித்த வயிற்றுவலி வேறு யாருக்கும் வந்திருக்காது. தெரசா ஒருநாள் கேட்டாள், "எடி, உனக்கு அவ்வளவு பிரியமா அந்த ஆள் மேல? இருக்கும்போது நித்தமும் சண்டைதானே?" "சண்டை இன்னும் முடியல, அதுக்குத்தான்" என்றேன். விளையாட்டுக்குச் சொன்னதுதான், ஆனால் பொய்யில்லை.

ஏனென்றால் அவர் வந்துகொண்டிருந்தார். நீ பயந்துவிடாதே, பேய்க்கதை சொல்லப்போவதில்லை. பேய் வந்தால் பூசாரியைக் கூப்பிடலாம், பாதிரியாரைக் கூப்பிடலாம். இது அப்படியில்லை. ஷெட்டில் ஐஸ் பெட்டியைத் திறக்கும்போது சட்டென்று அவருடைய தலை எண்ணெய் மணக்கும். சுக்கு மூட்டை ஏற்றுகிற கிடங்குத் தெருவில் நடந்து வரும்போது முதுகுக்குப் பின்னால் ஈரக்கால் ஓசை கேட்கும், நான் நின்றால் அதுவும் நிற்கும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்காமலே, "அரிசி விலை கேட்டீங்களா? உங்க மகன் நேற்று படியில விழுந்தான்" என்று பேசிக்கொண்டே வருவேன். உயிரோடு இருந்தபோது இவ்வளவு பொறுமையாக ஒருநாளும் நான் பேசுவதை அவர் கேட்டதில்லை. மீனை நான் அந்த நாளிலிருந்து தொடவில்லை. எந்த மீன் எங்கிருந்து நீந்தி வந்ததென்று யார் கண்டது? மீன்காரன் பெண்சாதி மீன் தின்னாமல் இருக்கிறாள் என்று கோவிலில் என்னைப் புண்ணியவதி ஆக்கிவிட்டார்கள். பக்தியில்லை மக்கா, பயம். நீ தெரசா வீட்டில் ஒளிந்து மீன் தின்றுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வருவாய். உன் வாயில் மணம் வரும். நான் கண்டுகொள்ளமாட்டேன்.

இதற்குள் அங்கே என்ன நடந்தது என்றால், யாரும் தொடாத தண்ணீர் தானாக நிறைந்தது. வேறெங்கும் சாளைகூட வராத காலத்திலும் அந்த இடத்துக்கு மேலே பறவைகள் வட்டமடிக்கும். நம் ஆட்கள் வெறும் வலையோடு அதைச் சுற்றிக்கொண்டு கரைக்கு வருவார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை என்று சொன்னால் பொய். தெரசாவின் வீட்டுக்காரர் சாயாக்கடையில் உட்கார்ந்து, "அவன் இருக்கையிலும் கஞ்சன், செத்தும் கஞ்சன்" என்றார். ஆனால் வலை விழவில்லை. அப்போதுதான் விசைப்படகுகள் பெருகின. அடியில் கிடக்கிற குஞ்சு, முட்டை, சேறு எல்லாவற்றையும் வாரி எடுத்து, இறாலை மட்டும் பொறுக்கி ஷெட்டுக்கு அனுப்புகிற படகுகள். அவற்றில் வேலைக்குப் போனதும் நம் சந்துப் பையன்கள்தான், அவர்கள் கொண்டுவந்த இறாலை உரித்துத்தான் உனக்கு நான் பள்ளிக்கூடப் பை வாங்கினேன். அதனால் யார் நல்லவன் யார் கெட்டவன் என்று என்னிடம் கேட்காதே. அந்தப் படகுகளும் அங்கே மட்டும் போகவில்லை. நம் வள்ளங்கள் நின்று, "அங்க ஆள் இருக்கு" என்று கத்தும். வலையில் எலும்பு ஏறுவதை எந்த முதலாளியும் விரும்பமாட்டான். ஒரு செத்த மனிதன், அதுவும் தலை வாருவதைத் தவிர வேறொன்றிலும் அக்கறை இல்லாதவன், ஆயுதம் இல்லாமல் சட்டம் இல்லாமல் அந்தக் கடலைக் காத்துக்கொண்டிருந்தான். நீ பார்க்கப் போகிற வேலையை உன் அப்பா சம்பளம் இல்லாமல் பார்த்தார்.

பிறகுதான் மீன்துறை ஆபீசர் வந்தார். இப்போது நீ போட்டிருக்கிற காக்கி அவருக்கு இல்லை, அகலக் காலுள்ள பேண்ட் போட்டிருப்பார், படகிலிருந்து இறங்கும்போதெல்லாம் அது முழங்கால் வரை நனையும். திருப்பூணித்துறையிலிருந்து பஸ்ஸும் படகும் ஏறி வருகிற நல்ல குடும்பத்துப் பையன், கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவர். கடலை அளந்துகொண்டு வந்தவர் அந்த இடத்தில் இவ்வளவு மீன் எப்படி என்று திகைத்துவிட்டார். நம் ஆட்களிடம், "இங்கே ஏன் வலை போடுவதில்லை?" என்று கேட்டிருக்கிறார். நம் ஆட்கள் வீட்டுத் துக்கத்தை வெளியாளிடம் சொல்வார்களா? ஒருவர் பாறை என்றார், ஒருவர் சுழல் என்றார், தெரசாவின் வீட்டுக்காரர் யுத்த காலத்துக் குண்டு கிடக்கிறது என்று சொல்லி அவரைப் படகின் மறுபக்கத்துக்கே ஓடவைத்தார். கடைசியில் யாரோ வாய் தவறி, "அந்தச் சேச்சிக்கிட்டக் கேளுங்க" என்று ஷெட்டைக் காட்டிவிட்டார்கள்.

நான் இறால் தொலிக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். அவர் மூக்கைப் பொத்தலாமா, மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று தவித்துக்கொண்டே நின்றார். "சேச்சி, ஆ இடத்துல எந்தா விசேஷம்?" என்று மலையாளமும் தமிழுமாகக் கேட்டார். "அங்க எங்க வீட்டுக்காரர் இருக்கார் சார்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்படியா, அவர்தான் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறாரா? அவரை ஒண்ணு காண முடியுமா?" என்றார். "முடியும் சார், அவசரப்படாதீங்க" என்றேன். ஷெட்டில் இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் அவர் சிவந்து போனார். பாவம், அதற்கப்புறம் நானே நடந்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் முந்திக்கொண்டு, முக்குளிக்கிற ஆளை இறக்கிப் பார்த்தோம், அடியில் ஒரு பழைய வள்ளம் கிடக்கிறது, அதன் விலா எலும்புகளுக்குள் மீன் குஞ்சு பொரிக்கிறது என்று சந்தோஷமாக விவரிக்கத் தொடங்கிவிட்டார். நான் உரித்த இறாலைத் தொலிக் குவியலிலும் தொலியைக் கூடையிலும் போட்டேன். அந்த வள்ளம் முழுசாக அங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கொஞ்ச நாளில் கோவில் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஆபீசர் எழுந்து, இப்படி ஓர் இடம் இருப்பது அபூர்வம், அதைச் சர்க்காரே பாதுகாக்கப் போகிறது, சுற்றிலும் சிவப்பு மிதவை போட்டு யாரும் உள்ளே வராமல் மூடப் போகிறோம் என்றார். கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பார். பத்து வருடமாக அந்தத் தண்ணீரில் விரல்கூட நனைக்காத ஆண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள். தங்கள் வீட்டுக்குள் வேறொருவன் வந்து பூட்டுப் போடுகிற மாதிரி அவர்களுக்கு இருந்தது.

லாசர் மூப்பர் மட்டும் உட்கார்ந்தபடியே கேட்டார். "மீனை வாருனது விசைப்படகு. அவனை விட்டுட்டு எங்க எழவு வீட்டுக்கா சாரே வேலி?"

"எல்லாருக்கும்தான் தடை, மூப்பரே. படகுக்கும் உண்டு."

"சரி. திறக்கிறது எப்ப?"

ஆபீசருக்குப் புரியவில்லை. "திறக்கிறது இல்லை. எப்போதும் மூடித்தான் இருக்கும்."

"பட்டினி வந்தா யாருட்ட வந்து கேக்க?"

"அதெல்லாம் மேலிடத்துல தீர்மானிப்பாங்க."

மூப்பர் என் பக்கம் கையை நீட்டினார். "எங்க மேலிடம் அந்தா இருக்கு, கையில இறால் நாத்தத்தோட. இவகிட்ட வருஷா வருஷம் கேப்போம். வயிறு சரியில்லன்னு சொல்லுவா. திரும்பிப் போவோம். ஆனா கேக்கலாம் சாரே. உங்க மேலிடத்துட்ட யாரு போய்க் கேக்க?"

ஆபீசர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு என் வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று விளங்கியது. அந்த முகத்தை நினைத்தால் இன்னும் எனக்குப் பாவமாக இருக்கிறது. ஆனால் மேலே எழுதி அனுப்பியாகிவிட்டது, மிதவைகள் எர்ணாகுளத்தில் தயாராகிக்கொண்டிருந்தன.

அதற்கப்புறம் நம் ஆட்கள் செய்ததை நம் ஆட்கள் மட்டும்தான் செய்வார்கள். சர்க்கார் மூடிவிட்டால் பிறகு ஒருநாளும் திறக்காது. அதனால் மிதவை வருவதற்குள் நாமே திறந்துவிட வேண்டும். மீனைக் காப்பாற்ற ஆள் வருகிறான் என்று கேள்விப்பட்டதும் மீனைப் பிடிக்கக் கிளம்பினார்கள். ஆனால் முறை தவறவில்லை. மறுநாள் மத்தியானம் சந்து நிறைய ஆட்கள். முன்னால் லாசர் மூப்பர், இரண்டு கையிலும் ஏந்தியபடி ஒரு பெரிய களவா மீன். என் வாசற்படியில் வைத்தார். செவுள் இன்னும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. களவா சாளை மாதிரி ஊர் சுற்றுகிற மீன் அல்ல, ஒரு பொந்தில் குடியிருந்தால் வருடக்கணக்காக அங்கேயே கிடக்கும். இது கிழட்டுக் களவா, உதடு தடித்து, கண்ணில் பாசி நிறம். எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடியது: இதுக்கு அவரைத் தெரியும்.

"உன்னை நிர்ப்பந்திக்கல மகளே," என்றார் மூப்பர். "வேண்டாம்னு சொல்லு, திரும்பக் கொண்டு விட்டுருவோம். பொறவு அந்த இடம் அவங்களுக்கு." பின்னால் நின்ற பெண்களைப் பார்த்தேன். அந்த மழைக்காலம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், ஷெட்டில்கூட வேலை இல்லை, தெரசா வீட்டில் அடுப்பு எரியாத நாளில் நீ அங்கே விளையாடிவிட்டு வாடிய முகத்தோடு வருவாய். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், சண்டை எனக்குச் சுலபம். அவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பக்கம் சந்து முழுக்கப் பசி. இன்னொரு பக்கம் கிடங்குத் தெருவில் எனக்குப் பின்னால் வருகிற ஈரக்கால்.

அரிவாள்மணையை எடுத்தேன். தெரசா உதவிக்கு வந்தாள், வேண்டாமென்றேன். வயிற்றைக் கீறும்போது கண்ணை மூடிக்கொண்டேன், உள்ளே சீப்பு இருந்துவிடுமோ என்று. சிரிக்காதே. குடம்புளி போட்டு, தேங்காயெண்ணெய் தாளித்து, அவருக்குப் பிடித்த காரத்தில் வைத்தேன். இவ்வளவு காலம் மீன் வைக்காத கை, ஆனாலும் மணம் சந்து முனை வரை போனது. வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முதல் வாயை எடுத்தபோது, என் தோளுக்குப் பின்னால் அவர் நிற்பது நன்றாகத் தெரிந்தது. தலை எண்ணெய் மணத்தது. திரும்பவில்லை. தின்றேன். நல்ல ருசி மக்கா. எனக்கு அதுதான் தாங்கவில்லை. வாயில் வைக்க முடியாதபடி இருந்திருந்தால் நன்றாக அழுதிருக்கலாம்.

"திறந்தாச்சா மகளே?" என்று மூப்பர் கேட்டார்.

"திறந்தாச்சு" என்றேன். எண்ணெய் மணம் போய்விட்டது.

அன்று சாயங்காலம் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, சட்டியைத் திறந்து, "அம்மா, நம்ம வீட்டுல மீனா?" என்று குதித்தாய். நான் உன் கையிலிருந்து சட்டியைப் பிடுங்கி, மிச்சத்தை வாய்க்காலில் கொட்டினேன். நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் கஞ்சத்தனத்தில் செய்தேன் என்று தெரசாவிடம் சொன்னாயாம். காரணம் இப்போது தெரிகிறதா? உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்த மீனைத் தின்னலாம், நீ கூடாது.

முதல் நாள் நம் வள்ளங்கள் நிறைந்து வந்தன. சந்தில் எல்லா வீட்டிலும் புகை எழுந்தது. அதை நான் வாழ்க்கையில் மறக்கமாட்டேன், யார் என்ன சொன்னாலும் அந்தப் புகை நல்ல புகை. ஆனால் விதவை தின்றுவிட்டாள் என்ற சேதி வள்ளத்துக்கு மட்டுமா போகும்? விசைப்படகில் இருப்பதும் நம் பையன்கள்தானே. அங்கே இனி ஆள் இல்லை என்று தெரிந்ததும் படகுகள் வரிசையாக வந்தன. கத்தி விரட்ட நம் ஆட்களிடம் ஒன்றும் மிச்சமில்லை. காவல்காரனை நாமே அனுப்பிவிட்டோம். சில நாளில் அடிவரை வாரி முடித்தார்கள். ஷெட்டுக்கு வேலை வந்தது, மலை மலையாக இறால். நானும் போய் உட்கார்ந்து உரித்தேன், கதை பேசினேன், சிரிக்கவைத்தேன். ஒவ்வொரு கூடையிலும் ஐஸுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். ஒரு கருப்புச் சீப்பு. அவர் கழுத்தில் கிடந்த பித்தளைச் சிலுவை. எதுவும் வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் மிதவைகள் வந்தன. புது வர்ணத்தோடு, அழகாக, சுற்றிலும் கட்டினார்கள். ஆபீசர் மறுபடி ஆளை இறக்கி அடியைப் பார்த்துவிட்டுக் கரைக்கு வந்து படகுத்துறைக்கு நடந்தார். என்னைப் பார்த்து நின்றார். "சேச்சி, முதல்லயே நான் உங்ககிட்டக் கேட்டிருக்கணும்" என்றார். "கேட்டீங்க சார். நான்தான் தமாஷ் பண்ணிட்டேன்" என்றேன். அந்த மிதவைகளில் ஒன்று இன்னும் மிதக்கிறது என்கிறார்கள், வர்ணம் போய், மேலே காக்கை உட்கார. வெறும் தண்ணீருக்குக் காவல்.

நான் தின்றது தப்பு என்று எழுதவில்லை. அதே மழைக்காலம் அதே சந்தில் மறுபடி வந்தால் மறுபடி தின்பேன். அவர்தான் வருவதில்லை. கிடங்குத் தெருவில் வேண்டுமென்றே மெதுவாக நடந்து பார்க்கிறேன், ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்க்கிறேன், ஷெட் முதலாளி எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைக்கிறான். தெரசாவிடம் சொன்னபோது, "எங்க போவான், உன் வயித்துலதான் இருக்கான், அதான் நீ இப்படிக் குண்டாயிட்டே" என்றாள். சிரித்துவிட்டோம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வயிற்றில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆக, உன் கேள்விக்கு வருகிறேன். மூடுவது நல்லதா? நல்லதுதான் மக்கா. மூடி வைத்தால் கடல் நிறையும், நான் என் புருஷனைக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் நீ போகிற தீவுகளில் யாரும் வலை போடாத ஓர் இடத்தைக் கண்டால், வெறும் இடம் என்று மிதவையை இறக்கிவிடாதே. முதலில் கரைக்கு வா. ஏன் போடுவதில்லை என்று கேள். பாறை என்பார்கள், சுழல் என்பார்கள், குண்டு என்பார்கள். சிரித்துக்கொண்டே மறுபடி கேள். எங்கேயோ ஒரு குடிசையில் ஒருத்தி இருப்பாள், உன்னைக் கேலி பண்ணுவாள், சிவந்து போகாமல் நில். அவள் மூடியதைத்தான் நீ மூடுகிறாய் என்று அவளுக்குத் தெரியட்டும். பட்டினி வந்தால் வந்து கேட்க உன் வாசல் எங்கே என்று அவர்களுக்குக் காட்டு. காக்கி போட்டவனைக் கரைக்காரர்களுக்குப் பிடிக்காது, கல்லெறிவார்கள், படகை முட்டுவார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கும்போது உனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வரும், அப்போது வாயை மூடிக்கொள். முடியாவிட்டால் கிழங்கு தின்.

கடைசியாக ஒன்று. இந்த வழக்கம் அந்தக் கரையிலிருந்துதான் இங்கே வந்தது, அங்கே எல்லோருக்கும் தெரியும். நீ போய் இறங்கிய அன்றே அந்த ஊர் மூப்பரைப் பார். உன் பெயரைச் சொல்லு, அப்பா கதையைச் சொல்லு. பிறகு அவரிடம் இதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடு. உனக்குப் பெண்சாதி இல்லாததால், இந்தத் தண்ணீரில் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மீனைக் கொண்டு வந்து வைக்க வேண்டியது மட்டாஞ்சேரியில் இருக்கிற உன் அம்மாவின் வாசலில். அவளுக்கோ வயிறு சரியில்லை. இனி அது சாகிறவரை சரியாகாது. அந்தக் கரை முழுக்கப் பட்டினி கிடந்தாலும் சரியாகாது. கடல் தெரிந்த ஆட்கள், கேட்டதும் புரிந்துகொள்வார்கள். அதற்கப்புறம் நீ அவர்கள் வலையைத் தடுத்தாலும், உன் படகு ஆடினால் முதலில் கை நீட்டுகிறவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

சீப்பை மடியில் வைத்துக்கொள்ளாதே. பெட்டியில் வை.

அம்மா